இணையத்தளம் அமைக்கும் தொழில்: எழுத்தில் இருக்க வேண்டியவை

சிட்னியின் பென்டில் ஹில்லிலும் மெல்பேர்ணின் டன்டினோங்கிலும் நம்மவர் நடத்தும் கடைகள் பல. பலசரக்கு, தையல், வாகனம் ஓட்டப் பழக்குதல் எனத் தொழில் எதுவாயினும் இன்று இணையத்தளம் தேவைப்படுகின்றது. அதனை அமைத்துக் கொடுக்கவல்ல இளைஞரும் நம்மிடையே உளர். ஒரு கணனியும் இணைய இணைப்புமே மூலதனம். ஆயினும் எழுத்தில் இருக்க வேண்டியவை எழுத்தில் இல்லாதவிடத்து இவ்வுழைப்பு எளிதில் வீணாகிவிடும்.

முதலில் விசாவின் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். பிரிட்ஜிங் விசாவில் இருப்போருள் சிலருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. வியாபார இலக்கமாகிய ஏ.பி.என். கிடைத்துவிட்டமையால் அவ்வுரிமையும் கிடைத்ததாகாது. இவ்விலக்கத்தை அரச பதிவகம் இலவசமாகவே வழங்குகின்றது. பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருவோரை நாடவேண்டியதில்லை. இலக்கத்தைக் குறிப்பிடாதுவிடின், 75 டொலருக்கு மேற்பட்ட கொடுப்பனவில் நூற்றுக்கு 47 வீதத்தைக் கடைக்காரர் பொதுவாகக் கழித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்ப நேரிடும்.

இனி உடன்படிக்கை. நம்மவரிடையே இதனைக் கேட்பதே அவமதிப்பாகக் கொள்ளப்படுகின்றது. “தம்பி, நாங்கள் என்ன ஓடிவிடப் போகிறோமா?” என்பார்கள். ஓடமாட்டார்கள்தான், ஆனால் ஐந்து பக்கம் பதினைந்தாகும், திருத்தங்கள் முடிவின்றித் தொடரும், கூலி மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். விசா நிலையை எண்ணி அஞ்சும் இளைஞன் வாய்திறந்து கேட்கவும் தயங்குவான். எத்தனை பக்கங்கள், எத்தனை தடவை திருத்தம், முற்பணம் எவ்வளவு, மீதி எந்நாளில் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும். பிணக்கு நேர்ந்தால், நியூ சவுத் வேல்சிலும் விக்டோரியாவிலும் சிறுவியாபார ஆணையாளர் அலுவலகங்கள் இணக்கம் காண உதவுகின்றன.

கடைக்காரருக்கும் பாதுகாப்பு வேண்டும். டொட் கொம் டொட் ஏயூ என முடியும் முகவரியைக் கடையின் ஏ.பி.என்.னைக் கொண்டு கடையின் பெயரிலேயே பதிய வேண்டும். தன் பெயரில் பதிந்துகொண்டு, பின்னர் அதனைப் பிடித்து வைத்திருப்பது தொழிலன்று, அடகுபிடித்தல். வடிவமைப்பின் பதிப்புரிமையோ, மாறாக எழுதப்படாவிடின், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக அதனை ஆக்கிய சுயதொழிலாளருக்கே உரியது. கடைக்காரர் பலர் இதனை அறியார். முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

பார்வையற்றோரையும் மறத்தலாகாது. சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக்குழுவின் இணையத்தளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லையென புரூஸ் மக்வயர் என்னும் பார்வையற்றவர் 1999இல் முறையிட்டார். திருத்துவதற்குப் பெருஞ்செலவாகும் என்ற வாதத்தை மனித உரிமை ஆணைக்குழு ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து 20,000 டொலர் நட்டஈடும் விதித்தது. அவர் கேட்டவற்றுள் ஒன்று, படங்களுக்கு எழுத்தில் விளக்கம். நம் கடைகளின் விலைப்பட்டியல்கள் இன்றும் வெறும் புகைப்படங்களாகவே ஏற்றப்படுகின்றன. அவற்றை எழுத்தாகத் தட்டச்சுச் செய்ய அரைமணி நேரம் செல்லும்; அந்த அரைமணிக்கும் கூலி கேட்கலாம்.