மிதிவண்டிச் செலவும் கால்களின் சோர்வும்

சிலாங்கூர் மாநிலத்துக் கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுடையது. காடும் வளைவுமாக ஏறி, கடல் மட்டத்திற்கு 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அஃது எட்டுகிறது. விடுமுறை நாட்களின் விடியற்காலையில் மிதிவண்டியினர் பலர் அவ்வழியே ஏறுவதைக் காணலாம். புறப்படும்போது சிட்டாய்ப் பறந்தவர்களுள் சிலர், பாதி வழியில் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டுத் தொடையைப் பிசைந்துகொண்டு அமர்ந்திருப்பர். மூச்சு இளைப்பு அடங்கிவிட்டது. நெஞ்சுத் துடிப்பும் தணிந்துவிட்டது. ஆயினும் எழுந்து மிதிக்கக் காலில் வலுவில்லை. மெல்லப் புறப்பட்ட முதியவர் ஒருவரோ ஒரே சீராக மிதித்து அவர்களைக் கடந்து செல்வார்.

இவ்வாறு ஓரிரு முறை கால் ஓய்ந்தவர், “நமக்கு வயதாகிவிட்டது; இனி இது ஒத்துவராது” என்று வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுவதுண்டு. உடலுக்கு நலந்தரும் பழக்கம் ஒன்று அத்துடன் முடிந்துபோகிறது. பெரும்பாலும் அவருடைய முடிவு தவறானது. குறை காலின் வலிமையில் இல்லை. அவ்வலிமையைச் செலவிடும் முறையிலேயே உள்ளது. ‘செலவு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பயணம் என்பது ஒரு பொருள். உள்ளதைச் செலவழித்தல் என்பது மற்றொரு பொருள். மிதிவண்டிப் பயணத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

தசைக்குள் ஒரு களஞ்சியம்

சோறு, கிழங்கு, பழம் ஆகியவற்றிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாகி, கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. தசைகளில் 400 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும் அது தங்கும். கடுமையாக மிதித்தால் இச்சேமிப்பு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் தீரும் நிலைக்கு வந்துவிடும்.

சுவீடன் நாட்டு மருத்துவர்களான பெர்க்ஸ்திரோம், ஹல்ட்மன் ஆகிய இருவரும் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கமாகக் காட்டிற்று. நிலையான மிதிவண்டிக் கருவி ஒன்றின் இரு பக்கங்களிலும் அவர்கள் தாமே அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். பின்னர் இரு கால்களின் தசையிலிருந்தும் ஊசியால் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தனர். மிதித்த காலில் கிளைக்கோஜன் ஏறக்குறைய வற்றியிருந்தது. மிதிக்காத காலிலோ பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஒரு தசையின் சேமிப்பு மற்றொரு தசைக்கு உதவுவதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. அடுத்த மூன்று நாட்கள் மாவுப்பொருள் மிகுந்த உணவை உண்டபோது, உழைத்த கால் ஓய்ந்திருந்த காலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சேமித்துக்கொண்டது. உழைத்த தசையே மிகுதியாகச் சேமிக்கும் என்பது இரண்டாவது பாடம்.

அடுத்த ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மாவுப்பொருள் குறைந்த உணவுக்குப்பின் ஒரு மணி நேர அளவில் ஓய்ந்தவர்கள், அது மிகுந்த உணவுக்குப்பின் அதே கடுமையில் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் மிதித்தனர். ஆள் அவரே, கால்களும் அவையே. மாறியது களஞ்சியம் ஒன்றே.

தசையில் ஊறும் லாக்டிக் அமிலமே சோர்வுக்குக் காரணம் எனப் பழைய பாடநூல்கள் கூறிவந்தன. லாக்டேட் மீண்டும் எரிபொருளாகவே பயன்படுகிறது என்பது இன்று அறியப்பட்டுள்ளது. ஆதலின் நெடுவழியில் ஓய்ந்த காலுக்கு அமிலத்தின்மேல் பழிபோடுவது பொருந்தாது.

முதல் மணி நேரம்

தசையில் மெல்லியங்கும் நார்கள், விரைந்தியங்கும் நார்கள் என இருவகை உண்டு. முன்னவை உயிர்வளியின் துணையால் கொழுப்பையும் எரித்து நெடுநேரம் உழைக்கும். பின்னவை வலியவை; ஆனால் கிளைக்கோஜனை வாரி இறைப்பவை. காலையில் உடல் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது விரைந்து மிதிப்பவர், தம்மையறியாமலே இரண்டாம் வகை நார்களைப் பயன்படுத்திச் சேமிப்பைக் கரைத்துவிடுகிறார்.

காற்றின் தடையும் இங்குக் கருதத்தக்கது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தை 25 ஆக்கினால் வேகம் கால் பங்கே கூடுகிறது. காற்றை வெல்வதற்கு ஒவ்வொரு நிமிடமும் ஆகும் ஆற்றலோ ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆதலின் முதல் மணி நேரத்தில், உடன் வருபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகமே தக்கது. பேச்சு அறுந்து அறுந்து வருமாயின், மாலையில் வேண்டிய வலு காலையிலேயே போகிறது என்று கொள்ளலாம்.

பற்சக்கரக் கணக்கு

முன் சக்கரத்தில் 48 பற்களும் பின் சக்கரத்தில் 16 பற்களும் உள்ள வண்டியில், ஒருமுறை மிதித்தால் பின்னுருளை மூன்று சுற்றுச் சுற்றும். உருளையின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் வண்டி 6.3 மீட்டர் செல்லும். மணிக்கு 20 கி.மீ. செல்ல, நிமிடத்திற்கு 53 முறை மிதிக்க வேண்டும். பின்னால் 24 பற்களுள்ள சக்கரத்திற்கு மாற்றினால் அதே வேகத்திற்கு 79 முறை மிதிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய அழுத்தம் முன்னதில் மூன்றில் இரண்டு பங்கே.

கனத்த மிதி விரைந்தியங்கும் நார்களை அழைக்கிறது. இலேசான மிதி மெல்லியங்கும் நார்களோடு நிற்கிறது. இலேசாக மிதிப்பது வலுவின்மைக்கு அடையாளம் என்னும் எண்ணம் ஒருகாலத்தில் பந்தய வீரர்களிடமும் இருந்தது. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், கியர் மாற்றுங் கருவிக்கு 1937ஆம் ஆண்டில்தான் இடமளிக்கப்பட்டது. இன்று அக்கருவி இல்லாமல் பந்தயத்திற்கு வருவார் எவருமில்லை.

சமதரையில் நிமிடத்திற்கு 75 முதல் 90 வரையிலும், ஏற்றத்தில் 60 முதல் 70 வரையிலும் மிதிப்பது பலருக்கும் ஒத்துவரும். வலது முழங்கால் 15 விநாடிகளில் 20 முறை மேலெழுந்தால் நிமிடத்திற்கு 80 என்பது கணக்கு. ஏற்றம் தொடங்கிக் கால் கனத்தபின் கியரை மாற்றுவதைவிட, தொடங்கும் முன்னரே மாற்றிவிடுவது நன்று.

இருக்கையின் உயரம்

இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகுதியாக மடங்கும். முன்தொடை விரைவில் எரியும். மிகவும் உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, குதிகாலை மிதிகட்டையில் வைத்து அதனைக் கீழ்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கால் நேராக நீளுமாறு உயரத்தை அமைத்தல் எளிய முறை. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். காற்றுக் குறைந்த டயரும், உலர்ந்த சங்கிலியும், உருளையில் உரசும் பிரேக்கும் காலின் வலுவைத் திருடும் கள்வர்கள். இவற்றையும் முன்னாளே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

உணவும் நீரும்

முன்னிரவில் சோறோ இட்டிலியோ நிறைவாக உண்டு, காலையில் எளிதாகப் பசியாறிவிட்டுப் புறப்படலாம். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மிகுந்த நாசி லெமாக் செரிக்க நேரமாகும். அதை மலையிலிருந்து இறங்கிய பின் சுவைக்கலாம். ஒன்றரை மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுப்பொருள் வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு உண்டு. பசித்த பிறகு உண்பது காலங்கடந்த உதவி. முதல் மணி முடியுமுன்பே தொடங்குதல் வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலைக் குளிர்விக்கக் குருதி தோலை நோக்கி மிகுதியாகச் செல்வதால் தசைக்குரிய பங்கு குறைகிறது. மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை இங்கே வியப்பன்று. சிறிது சிறிதாக அடிக்கடி நீர் பருகலும், நெடும்பயணத்தில் உப்புச் சேர்த்தலும், வெயிலுக்கு முன்னே பெரும்பகுதியைக் கடத்தலும் தேவை. வெறும் நீரையே அளவின்றிக் குடிப்பது குருதியின் உப்பைக் குறைத்துத் தீங்கு விளைவிக்கும்.

மருத்துவரை நாட வேண்டிய சோர்வு

மேற்கூறிய யாவற்றையும் திருத்தியும் கால் ஓயுமாயின் அதனை அலட்சியம் செய்யலாகாது. மிதிக்கும்போதெல்லாம் கெண்டைக்காலில் வலி தோன்றி, நின்றவுடன் மறைவது குருதிக்குழாய் அடைப்பின் அறிகுறியாகலாம். இவ்விரு நாடுகளிலும் இந்திய வழியினரிடையே நீரிழிவு மிகுந்து காணப்படுகிறது. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் நெடுநேரம் மிதிக்கும்போது குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். லாரிகள் விரையும் சாலையில் அஃது உயிருக்கே ஆபத்து. உணவின் அளவையும் மருந்தின் அளவையும் அவர்கள் மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

மற்றையோர்க்கு வயது பெருந்தடையன்று. தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, இடையிடையே ஓய்வும் தந்துவந்தால், உழைத்த தசை தன் களஞ்சியத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும். பிரேசர் மலைச் சாலையில் இளைஞர்களைக் கடந்து சென்ற முதியவரிடம் மந்திரம் ஏதுமில்லை. கையிருப்பை அறிந்து செலவிட்டார். ஆகவே அவர் செலவு இனிது முடிந்தது.