விண்மீனை மறைத்துக் கோளைக் காண்பது

வேற்று விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படாத 1978-இலேயே, ரொனால்ட் பிரேஸ்வெல் என்ற வானியலாளர் அத்தகைய கோளைப் பார்க்க ஒரு வழி சொன்னார். விண்மீனின் ஒளியை அந்த ஒளியைக் கொண்டே அழித்துவிடலாம் என்றார்.

பூமியைவிடச் சூரியன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1,000 கோடி மடங்கு பிரகாசமானது. அகச்சிவப்பில் கோள் தன் வெப்பத்தாலேயே ஒளிர்வதால் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கோடி மடங்காகக் குறையும். ஆனால் 33 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். 10 மைக்ரான் அலைநீளத்தில் அவற்றைப் பிரித்துப் பார்க்கச் சுமார் 20 மீட்டர் அகல ஆடி வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர்தான்.

அதனால் ஒரே பெரிய ஆடிக்குப் பதில், விலகி நிற்கும் சிறிய தொலைநோக்கிகள். இரண்டில் விழும் விண்மீன் ஒளியை ஒன்றுசேர்க்கும்போது, ஒன்றை அரை அலை பின்தங்க வைக்கிறார்கள். முகடு அகட்டின்மேல் விழுகிறது, விண்மீன் மறைகிறது. கோளின் ஒளியோ சற்றே சாய்ந்து வருவதால் இரண்டு தொலைநோக்கிகளையும் ஒரே கணத்தில் எட்டுவதில்லை, அது தப்பிவிடும். இந்த யோசனையில் எனக்கு மிகப் பிடித்தது அடுத்த படி. தொலைநோக்கி வரிசையை மெல்லச் சுழற்றினால் கோளின் ஒளி கூடிக் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கமே அதைக் காட்டிக்கொடுக்கும். விண்மீனைச் சுற்றிச் சீராகப் பரவிய தூசியையும் விலக்க இரண்டுக்கு மேற்பட்ட தொலைநோக்கிகள் தேவைப்படுகின்றன.

இப்படிப் பிரித்தெடுத்த ஒளியில் ஓசோன், நீராவி, கரியமில வாயு ஆகியவற்றின் தடங்களைத் தேடலாம். ஓசோன் வழியே ஆக்சிஜனும், கூடவே மீத்தேனும் தெரிந்தால் இன்னும் சிறப்பு. ஒன்றையொன்று அழிக்கும் அவற்றை ஏதோ ஒன்று தொடர்ந்து உற்பத்தி செய்கிறது என்று பொருள்.

ஐரோப்பாவின் 'டார்வின்', நாசாவின் 'டிபிஎஃப்' என்ற விண்வெளித் திட்டங்கள் இரண்டும் இத்தகைய தேடலுக்காகவே வகுக்கப்பட்டுக் கைவிடப்பட்டன. தொலைநோக்கிகளைத் தாங்கிய விண்கலங்கள் துல்லியமாக அணிவகுத்துப் பறக்குமா என்பது அன்று நிரூபணமாகவில்லை. நிறுத்தியதைக் குறை சொல்ல முடியாது. இன்று நிலைமை வேறு. 2024 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச்சென்ற ஐரோப்பாவின் 'புரோபா-3' இணைக் கலங்கள், சுமார் 150 மீட்டர் இடைவெளியை மில்லிமீட்டர் துல்லியத்தில் காத்துப் பறந்துகாட்டின.

சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் 'லைஃப்' திட்டம் இந்தக் கனவை மீண்டும் கையிலெடுத்திருக்கிறது. எந்த விண்வெளி நிறுவனமும் இன்னும் ஒப்புதல் தரவில்லை. தர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் கலங்களுக்கு மில்லிமீட்டர் துல்லியம் போதும், ஒளிக்குப் போதாது. ஒளிப்பாதைகள் சில நானோமீட்டருக்குள் பொருந்த வேண்டும். எஞ்சும் பிழையை உள்ளே நகரும் சிறு ஆடிகள் சரிசெய்தாக வேண்டும், அதுவும் கடுங்குளிரில். அதற்கான சோதனை அமைப்பைத்தான் சூரிச்சில் உருவாக்கிவருகிறார்கள்.