புழுவிடம் கற்ற பல்

செயின் சா கொண்டு மரத்தைத் துண்டு போட்டு முடித்த இடத்தில் தரையில் கிடப்பதை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். தடித்த சீவல்களாக இருந்தால் சங்கிலி கூராக இருந்திருக்கிறது. பச்சை மரத்திலும் மாவு போலத் தூள்தான் என்றால், பல் மழுங்கிப்போய், மெஷினை அழுத்திக்கொண்டிருந்த ஆள்தான் பாதி வேலையைச் செய்திருக்கிறார்.

இந்தச் சங்கிலி பிறந்த கதை ஒரு புழுவிலிருந்து தொடங்குகிறது. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அது தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து, கெட்டியான மரத்தை நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒன்றுபோலத் தின்று முன்னேறியது. அந்த அசைவையே இரும்பில் வடித்தார். 1947இல் விற்பனைக்கு வந்த அவருடைய சங்கிலியில் பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி இருந்தன. இன்றும் அந்த அமைப்பே அடிப்படை.

ஒரு பல்லைக் கிட்டத்தில் பார்த்தால் அது சின்ன உளி என்பது புரியும். அதற்கு முன்னால் ஒரு மேடு நிற்கிறது. டெப்த் கேஜ் என்பார்கள். உளி எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பெரும்பாலான சங்கிலிகளில் இந்த மேடு பல்லின் முனையைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும்.

பல்லின் மேற்புறத்திலும் வெளிப்பக்கத்திலும் மெல்லிய குரோம் பூச்சு உண்டு. அது தீட்டும் அரத்தைவிடக் கடினமானது. அதன் அடியிலுள்ள எஃகு அரத்துக்குப் பணியும். எலியின் முன்பல்லும் இப்படித்தான்: முன்புறம் கெட்டியான எனாமல், பின்புறம் மென்மையான பகுதி. மென்மையானது தேயத் தேய, கெட்டியானது கூராக எஞ்சுகிறது. அதனால்தான் உருண்டை அரத்தைப் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். தள்ளும்போதுதான் அரம் வெட்டும். திரும்ப இழுக்கையில் அழுத்தினால் அரத்தின் பற்களே மழுங்கும்.

பல சங்கிலிகளுக்கு அரத்தை 30 டிகிரிச் சாய்வில் பிடிக்க வேண்டும். அரத்தின் பருமன் சங்கிலிக்கேற்ப 4 மி.மீ., 4.8 மி.மீ., 5.5 மி.மீ. என்று மாறும். எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு கோணிக்கொண்டு போகும். தீட்டியது போதுமா என்பதை வெளிச்சத்தில் பார்க்கலாம். மழுங்கிய முனையில் வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். கூரான முனையில் மின்னுவதற்கு இடமே இல்லை.

பலரும் தவறவிடுவது டெப்த் கேஜைத்தான். பல்லின் மேற்புறம் பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. ஆகவே தீட்டத் தீட்டப் பல் தாழ்ந்துகொண்டே வரும், மேடு அப்படியே நிற்கும். கடைசியில் பல் கூராக இருந்தும் மரத்தைத் தொடாது. அப்போது தட்டை அரத்தால் மேட்டையும் அளவு பார்த்துக் குறைக்க வேண்டும். அளவுக்கு மேல் குறைத்தால் பல் அதிகமாகக் கடித்து, மெஷின் திடீரென முகத்தை நோக்கி எகிறக்கூடும். உயிரைக் காவு கேட்கும் தவறு இது.

சங்கிலி ஒருமுறை மண்ணை உரசினாலே போதும், கூர் போய்விடும். மழுங்கிய பின் மல்லுக்கட்டாதீர்கள். பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதே மெஷினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி, கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தள்ளு கொடுங்கள்.