கொலராடோவுக்குக் குடிபோகிறீர்களா? மலைக்கு முன் காகிதத்தைப் பாருங்கள்

டென்வரில் வேலை உறுதியானதும் பலரும் தேடுவது, ஜன்னலைத் திறந்தால் ராக்கி மலை தெரிகிற வீட்டைத்தான். அமெரிக்காவின் இந்த மேற்கு மாநிலத்தில் 14,000 அடியைத் தாண்டிய சிகரங்களே ஐம்பதுக்கும் மேல். தலைநகர் டென்வரும் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு எளிதில் வேகாது. முதல் சில நாட்கள் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே மலையேறக் கிளம்பாதீர்கள். இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஆபத்துகள் வேறு.

தரைக்கு அடியில்

பாறையில் உள்ள யுரேனியம் சிதைந்து ராடான் என்ற வாயு வீட்டுக்குள் கசிகிறது. நிறமோ மணமோ கிடையாது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். கொலராடோ வீடுகளில் ஏறக்குறைய பாதியில், நடவடிக்கை தேவைப்படும் அளவுக்கு ராடான் இருக்கிறது. வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் ராடான் பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுத்தில் தர வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. கேட்டு வாங்குங்கள். குழாயும் விசிறியும் பொருத்தினால் வாயுவை வெளியேற்றிவிடலாம்.

வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மேல்நிலம் உங்களுடையதாக இருக்கும். அடியிலுள்ள எண்ணெய், எரிவாயு உரிமை வேறொருவரிடம் இருக்கலாம். நீரும் அப்படித்தான். முதலில் உரிமை பெற்றவருக்கே முதல் பங்கு என்பது அங்கே சட்டம். தமிழ்நாட்டில் மழைநீர் சேமிப்பு கட்டாயம். கொலராடோவிலோ வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன்தான் பிடிக்கலாம். அந்த அனுமதியும் 2016-இல்தான் கிடைத்தது.

தீயும் ஆலங்கட்டியும்

2021 டிசம்பர் 30 அன்று, சூறைக்காற்றில் பரவிய மார்ஷல் தீ போல்டர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. எரிந்தவை காட்டுக்குள் இருந்த வீடுகள் அல்ல, புறநகர்க் குடியிருப்புகள். காப்பீட்டுத் தொகை திரும்பக் கட்டப் போதாது என்பது பலருக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆகவே வீட்டின் சந்தை விலையைப் பார்க்காமல், மறுபடி கட்ட ஆகும் செலவுக்குக் காப்பீடு எடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் பொருட்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக்காரரின் காப்பீடு அவற்றுக்குச் செல்லாது. எல்லா நிறுவனங்களும் காப்பீடு தர மறுத்தால், கடைசி வழியாக 'ஃபேர் பிளான்' என்ற காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குறைகளை மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் சொல்லலாம்.

ஆலங்கட்டி மழை காரைக் குழியும் பள்ளமுமாக்கிவிடும். அதற்கு 'காம்ப்ரிஹென்சிவ்' காப்பீடு வேண்டும். செப்டம்பர் முதல் மே வரை ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் பனிக்கேற்ற டயரோ சங்கிலியோ இல்லாமல் போனால் அபராதம்.

வாடகைதாரரின் உரிமைகள்

• வாடகையைப் பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறைக்கு மேல் ஏற்றக் கூடாது.

• டெபாசிட் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 60 நாள் வரை. பிடித்தம் செய்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

• டெபாசிட்டை வேண்டுமென்றே தராவிட்டால் ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வழக்குப் போடலாம். பிடித்து வைத்ததைப் போல மூன்று மடங்கு கேட்க இடமுண்டு. 7,500 டாலர் வரை என்றால் சிறு வழக்கு நீதிமன்றமே போதும், வக்கீல் வேண்டாம்.

குடிபுகும் நாளில் எல்லா அறைகளையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். வழக்கு வந்தால் அதுவே சாட்சி. குடியேறிய 30 நாளில் ஓட்டுநர் உரிமத்தையும், 90 நாளில் வண்டிப் பதிவையும் மாற்றிவிடுங்கள்.

வீடு பார்க்கப் போகும் அன்றே ராடான் அறிக்கையைக் கேளுங்கள். தர மறுப்பவருக்கு டெபாசிட் கட்டாதீர்கள்.