மருத்துவமனைக் கிருமிகளின் கோடைக்காலம்

வியன்னா பொது மருத்துவமனையில் 1840-களில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சல் கண்டு அடுத்தடுத்து இறந்தார்கள். காற்றில் ஏதோ கேடு, பருவநிலை சரியில்லை என்று அங்கிருந்த பெரிய மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் அதை ஏற்கவில்லை. அங்கே பிரசவப் பிரிவுகள் இரண்டு. இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே வானம்தான். ஆனால் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில்தான் சாவு அதிகம். மாதவாரியாகக் கணக்கெடுத்துப் பார்த்தும் தப்பித்த பருவம் என்று ஒன்று தென்படவில்லை. பிணப் பரிசோதனை முடித்து அந்தப் பிரிவுக்கு வருபவர்கள் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும் என்று 1847 மே மாதம் உத்தரவு போட்டார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

அன்று அவர் சொன்னது சரி. வானிலையைச் சாக்காகச் சொல்லி யாரும் கையைக் கழுவாமல் இருந்துவிட முடியாது. ஆனாலும் வானிலைக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதை இப்போது எண்கள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் 132 மருத்துவமனைகளின் ரத்தத் தொற்றுக் கணக்குகளை, 1999 முதல் 2006 வரைக்குமானவற்றை, ஆய்வாளர்கள் அலசினார்கள். குளிர்காலத்தோடு ஒப்பிட்டால் கோடையில் அசினெடோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று ஏறக்குறைய 52 சதவீதம் கூடுதல். கிளெப்சியெல்லா 29 சதவீதம், ஈ.கோலை 12 சதவீதம். இவை எல்லாம் பாக்டீரியாக்களில் கிராம்-நெகட்டிவ் என்ற வகையைச் சேர்ந்தவை. கிராம்-பாசிட்டிவ் கூட்டத்தைச் சேர்ந்த ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அந்த உயர்வைக் காட்டவில்லை.

அமெரிக்காவில் புதிய பயிற்சி மருத்துவர்கள் ஜூலையில்தான் வேலைக்கு வருகிறார்கள். அனுபவமின்மைதான் காரணமோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் பருவத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வெப்பத்தின் தடம் மறையவில்லை. வெளி வெப்பநிலை 5.6 டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் அசினெடோபாக்டர் தொற்று சுமார் 11 சதவீதம் ஏறியது. ஜெர்மனியின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் இதே போக்குதான்: சராசரி வெப்பம் 20 டிகிரியைத் தொட்ட மாதங்களில், 5 டிகிரிக்குக் கீழே இருந்த மாதங்களைவிட கிராம்-நெகட்டிவ் கிருமிகள் 17 சதவீதம் அதிகம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏ.சி. ஓடுகிறது. வெளியே கொளுத்தும் வெயிலுக்கு உள்ளே என்ன வேலை? எனக்கு இதில் மிகவும் சுவாரசியமான கேள்வி இதுதான்.

ஒரு வழி, மனிதத் தோல். ஹாங்காங்கில் மாணவர்கள், செவிலியர்களின் தோலைப் பரிசோதித்தபோது குளிர்காலத்தில் 32 சதவீதம் பேரிடமும் கோடையில் 53 சதவீதம் பேரிடமும் அசினெடோபாக்டர் இருந்தது. ஈரமும் சூடும் அதற்குப் பிடித்தமானவை. நோயாளியும், துணைக்கு இருப்பவரும், பணியாளரும் வெளியிலிருந்து அதைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறார்கள். வந்த பிறகு கட்டில் கம்பியிலும் மேசையிலும் காய்ந்த நிலையிலேயே வாரக்கணக்கில் உயிரோடு இருக்க அதற்குத் தெரியும்.

இன்னொரு வழி, நாம் பாதுகாப்பு என்று நம்பும் ஏ.சி.யே. 1996-ல் பஹாமாஸ் நாட்டு மருத்துவமனை ஒன்றில் பச்சிளம் குழந்தைகளுக்கு அசினெடோபாக்டர் ரத்தத் தொற்று வந்தது. தேடிப் போனவர்கள் ஏ.சி. பெட்டிகளில் போய் நின்றார்கள். காற்றில் ஈரம் கூடும் மாதங்களில் பெட்டிக்குள் நீர் கோத்து நிற்கும். அங்கே வளர்வது காற்றோடு சேர்ந்து தொட்டில் வரை வரும்.

அறுவை சிகிச்சைக் காயங்களும் இதே போக்கில்தான் போகின்றன. தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து மீண்டும் வந்து சேர்பவர்களின் எண்ணிக்கை அமெரிக்காவில் ஆகஸ்டில் உச்சம் தொடுகிறது. வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால், 4 டிகிரிக்குக் கீழே உள்ள காலத்தைவிட அந்த வாய்ப்பு சுமார் 29 சதவீதம் அதிகம் என்று அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதற்காக யாரும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம். ஒரு தனி நோயாளிக்கு இந்த வித்தியாசம் சிறியதுதான்.

எல்லாக் கிருமியும் கோடைக்கு ஆடுவதில்லை. குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், குளிர்நாடுகளில் ஃப்ளூ காலத்தை ஒட்டிக் கூடுகிறது. சளி, காய்ச்சல் என்று ஆன்டிபயாடிக்குகள் அள்ளிக் கொடுக்கப்படுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

நம் நிலைமை வேறு. சென்னையில் தை மாத இரவுகளே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஜெர்மனியின் கோடை நமக்குக் குளிர்காலம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ரத்தத் தொற்றுகளில் கிராம்-நெகட்டிவ்களின் பங்கு கூடுவதாக, பல நாட்டு மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014-ல் காட்டியது. சுகாதாரத்துக்கு ஒரு நாடு செலவிடும் பணத்துக்கும் அந்தப் பங்கோடு தொடர்பு இருந்தது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளின் ரத்தத் தொற்றை ஆராய்ந்து 2016-ல் வெளியான முடிவில் முதலிடம் அசினெடோபாக்டருக்கு, 22 சதவீதம். அடுத்து கிளெப்சியெல்லா, 17 சதவீதம். பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத வகைகள் அவற்றில் ஏராளம். அட்சரேகையை மாற்ற முடியாது. செவிலியர் எண்ணிக்கையையும் தண்ணீர்க் குழாயையும் மாற்ற முடியும். வெப்பநாடு என்று கைவிரிப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தொற்றுகளை மாதவாரியாக எழுதிவைக்காத மருத்துவமனை எளிதில் ஏமாந்துபோகும். மே மாதத்தில் கை கழுவும் இயக்கம் தொடங்கி, ஜனவரியில் தொற்று குறைந்ததென்று விழா எடுத்தால், அது இயக்கத்தின் பலனா, பருவம் மாறியதன் பலனா என்று சொல்ல முடியாது. சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

வெயில் காலத்தில் வார்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் குத்திய ஊசியின் மேல் ஒட்டிய பிளாஸ்டர் வியர்வையில் நனைந்து ஓரம் கிளம்பும். அடியில் ஈரம் தங்கும். நனைந்தாலோ, தளர்ந்தாலோ, அழுக்கானாலோ உடனே மாற்ற வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். வியர்த்துக் கொட்டும் நோயாளிக்குப் பிளாஸ்டிக் படலத்தைவிட காஸ் துணிக் கட்டு மேல். “சிஸ்டர், இது கிளம்பியிருக்கு, மாத்திடுங்க” என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.