பிள்ளையின் கையில் தொலைபேசி: பெற்றோர் செய்யக்கூடியவை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வரத் தொடங்கின. நெல் விற்ற காசிலும், நகையை அடகு வைத்த காசிலும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசிலும் பல குடும்பங்கள் முதன்முறையாக இணைய வசதியுள்ள தொலைபேசியை வாங்கின. பாடசாலைகள் மீண்டும் திறந்துவிட்டன. தொலைபேசியோ பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

"எங்களுக்கு அதைத் திறக்கவே தெரியாது. பிள்ளைக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லும் பெற்றோர் பலர். தொலைபேசியை இயக்கப் பிள்ளைக்குத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் ஆட்களை எடைபோடத் தெரிந்தவர்கள் நீங்கள். மாடு வாங்க வருபவரின் பேச்சைக் கேட்டே அவரது நோக்கத்தை அறிந்துகொள்கிறீர்கள். இணையத்திலும் பிள்ளைக்கு வரும் ஆபத்தின் பெரும்பகுதி ஆட்களால்தான் வருகின்றது. எனவே உங்கள் அனுபவம் அங்கும் தேவைப்படுகின்றது.

ஆபத்து வரும் வழி

பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேஸ்புக்கில் அறிமுகமில்லாத ஒருவர் நட்புக் கேட்கிறார். படத்தில் தெரிவது அதே வயதுடைய முகம். பாடசாலை, பரீட்சை, சினிமா என்று பேச்சு வளர்கிறது. ஊரையும் பழகிய நண்பர்களையும் விட்டு வந்த பிள்ளைக்கு, தன் கதையைக் கேட்க ஒருவர் கிடைப்பது பெரிய ஆறுதல். நூறு ரூபாவுக்கு ரீலோட்டும் போட்டுவிடுவார். பின்னர் "வட்ஸ்அப்பில் பேசுவோம், வீட்டில் சொல்லாதே" என்பார். முதலில் சாதாரண படம் கேட்பார், பிறகு உடையில்லாத படம் கேட்பார். அது கைக்கு வந்ததும் குரல் மாறும். "பணம் அனுப்பு, அல்லது இன்னொரு படம் அனுப்பு. இல்லாவிட்டால் இதை உன் ஆசிரியருக்கும் மாமாவுக்கும் அனுப்புவேன்." ஆண் பிள்ளைகளும் இந்த வலையில் விழுகிறார்கள். அவர்களிடம் பெரும்பாலும் பணமே கேட்கப்படுகிறது.

மிரட்டுபவரின் பலம் எங்கே இருக்கிறது? "அப்பா அடிப்பார், அம்மா போனைப் பறிப்பா, படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற பிள்ளையின் பயத்தில் இருக்கிறது. அந்தப் பயத்தினால் பிள்ளை மறைக்கிறது. மறைக்க மறைக்க அவரது பிடி இறுகுகிறது. இவ்வாறு மிரட்டப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் பல நாடுகளிலும் உண்டு. வீட்டில் சொன்னால் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால், மிரட்டலுக்கு அரைவாசிப் பலமும் போய்விடும்.

முன்கூட்டியே செய்யவேண்டியவை

1. தொலைபேசிக்கு வீட்டில் ஓர் இடம் வையுங்கள். இரவில் அது பெற்றோரின் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டிலும் இதைச் செய்யலாம்.

2. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் ஆகியவற்றில் கணக்குத் திறக்கக் குறைந்தது 13 வயதாக வேண்டும். சில பிள்ளைகள் பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுக்கிறார்கள். 18 வயது என்று பதிந்தால் சிறுவருக்கென உள்ள பாதுகாப்புகள் அந்தக் கணக்குக்குக் கிடைக்கமாட்டா. கடைக்காரரைக் கொண்டு கணக்குத் திறப்பித்தால் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

3. வட்ஸ்அப்பின் செற்றிங்ஸில் பிரைவசி என்ற பகுதி உண்டு. உங்கள் இலக்கங்களில் உள்ளவர்கள் மட்டும் பிள்ளையின் படத்தைப் பார்க்கவும், குழுக்களில் சேர்க்கவும் கூடியதாக அங்கே மாற்றலாம். பிள்ளையையே செய்யச் சொல்லி, பக்கத்தில் இருந்து பாருங்கள்.

4. இடம்பெயர்ந்த நாளிலிருந்து நாம் எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறோம். கேட்பவருக்கெல்லாம் விபரம் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. புலமைப்பரிசில், நிவாரணம், வெளிநாட்டு வேலை என்று தொலைபேசியில் வரும் இணைப்புகளில் அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கி விபரத்தையோ பதியவேண்டாம். முதலில் கிராம அலுவலரிடம் அல்லது பாடசாலையில் விசாரியுங்கள்.

5. பாடசாலைச் சீருடை, தங்கியிருக்கும் இடத்தின் பெயர்ப்பலகை ஆகியன தெரியும் படங்களைப் பொதுவில் போடவேண்டாம். பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை அவை சொல்லிவிடும்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் பிள்ளையை அருகில் இருத்தி, "நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். ஏசுவதும் அடிப்பதும் மிரட்டுபவருக்கே உதவியாகும். பணம் அனுப்பவேண்டாம், ஒருமுறை கொடுத்தால் மீண்டும் கேட்பார். செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவை சாட்சியங்கள். கணக்கின் பெயர், தொலைபேசி இலக்கம், திகதி ஆகியவற்றைக் குறித்துவைத்து, மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன் ஷொட் எடுத்த பின்னர் அவரைத் தடைசெய்யுங்கள். பிள்ளையின் படத்தை உறவினருக்குக் காட்டுவதற்காகக்கூட எவருக்கும் அனுப்பக்கூடாது.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இலவசமாக அழைத்து முறையிடலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம். 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபாசப் படத்துக்குத் தூண்டுவதும், அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி குற்றங்களாகும். சட்டத்தின் முன் குற்றவாளி, படத்தைக் கேட்டு வாங்கி மிரட்டியவரே.

படம் பரவும் என்ற பயம் இருந்தால் 'ரேக் இற் டவுண்' என்ற இலவச சேவை உண்டு. அமெரிக்காவிலுள்ள சிறுவர் பாதுகாப்பு நிலையம் ஒன்று 2023இல் தொடங்கிய இச்சேவையில் படத்தை எவருக்கும் அனுப்பவேண்டியதில்லை. படத்திலிருந்து பெறப்படும் ஒரு குறியீடு மட்டும் கொடுக்கப்படுகிறது. அதைக்கொண்டு பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முயலும். வட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் அனுப்பப்படுவதை இது தடுக்காது.

இவற்றுள் சிலவற்றைச் செய்ய மற்றவரின் உதவி தேவைப்படலாம். ஆனால் ஒன்றுக்கு எவரது உதவியும் வேண்டாம். இன்றிரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்: "போனில் யாராவது உன்னைப் பயப்படுத்தினால், நீ என்ன பிழை செய்திருந்தாலும் எங்களிடம் வந்து சொல். நாங்கள் உன் பக்கம் நிற்போம்." சொல்லிவிட்டு, அந்த நாள் வந்தால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.