கரிசல் மண்ணின் ஈரம் எங்கே போகிறது?

பங்குனி, சித்திரை மாதங்களில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இரண்டு காட்சிகளை ஒருசேரக் காணலாம். மேலே வேப்பமரம் தளிர்த்துப் பூத்து நிற்கும். கீழே கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மரத்தின் வேர்கள் ஆழத்தில் எஞ்சியுள்ள ஈரத்தை எட்டிவிடுகின்றன. நம் வீட்டுத் தோட்டத்துக் கொய்யாக் கன்றுக்கு அத்தனை நீண்ட வேர் இல்லை. ஐப்பசி மழை வரை அது பிழைக்க வேண்டுமானால், ஈரம் எந்த வழியாகத் தப்புகிறது என்பதை நாம் அறிய வேண்டும்.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. இது மெல்லிய தகடுகளை அடுக்கியது போன்ற அமைப்புடையது. தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பின் வழியே வெயிலும் காற்றும் உள்ளே புகுவதால் அடிமண்ணும் உலர்கிறது. ஒரு தென்னை ஈர்க்கை வெடிப்பினுள் விட்டு அதன் ஆழத்தை அளந்து பாருங்கள். வாரந்தோறும் குறித்து வையுங்கள்.

இனி ஒரு சோதனை. ஒரே அளவான மூன்று தகர டப்பாக்களில் சம எடை கரிசல் மண்ணை இட்டு, சம அளவு நீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். முதல் டப்பாவை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் மேல்மண் சற்று உலர்ந்ததும் ஒரு விரற்கடை ஆழம் கிளறிப் புழுதியாக்குங்கள். மூன்றாவதை உலர்ந்த வேப்பிலைச் சருகால் மூடுங்கள். நாள்தோறும் தராசில் நிறுத்துப் பாருங்கள். (சருகை எடுத்துவிட்டு நிறுக்க வேண்டும்.) எது அதிக எடையை இழக்கிறது?

பொதுவாகச் சருகு மூடிய மண்ணே நெடுநாள் ஈரமாயிருக்கும். கிளறிய மண் முதலில் விரைவாக உலரலாம். ஆனால் மேலேயுள்ள புழுதி, அடியிலிருந்து நுண்துளைகள் வழியே நீர் ஏறுவதைத் தடுக்கிறது, வெடிப்பையும் அடைக்கிறது. 'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்னும் பழமொழியின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

கன்றுக்கு அருகே புதிய மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரை அடையும். மண் உலர்ந்திருந்தால் கசிவு மிகும், ஈரமாயிருந்தால் குறையும். சீனாவில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஃபான் ஷெங்சி என்பவரின் வேளாண் நூலில் இம்முறை கூறப்பட்டுள்ளது. அடுப்பில் ஏற்றிய பழைய பானை வேண்டாம். அதன் துளைகள் அடைபட்டிருக்கும்.

மாசியில் வேம்பு உதிர்க்கும் சருகைக் கூட்டி எரித்துவிடாதீர்கள். அதைக் கன்றின் அடியில் பரப்புங்கள். நாம் ஊற்றும் ஒரு குடம் நீர் இன்னும் சில நாள் நீடிக்கும்.